அவனுக்கு வயசு கிடக்கு

ஒரே வீட்டில், ஒரே ஆட்கள் வாயில், ஒரு நோய் காலையில் சின்னதாகவும் சாயங்காலம் பெரியதாகவும் இருக்க முடியும். என் சித்தி மகளுக்கு வந்த நுரையீரல் அழுத்த நோய் விஷயத்தில் இதைக் கூடவே இருந்து பார்த்தேன். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதலாமா என்று அவளிடமும் மாப்பிள்ளையிடமும் கேட்டேன். "பேரு, ஊரு, ஆஸ்பத்திரி எதுவும் போடாம எழுதுங்கண்ணே. மத்தபடி ஒண்ணும் மறைக்க வேணாம்" என்றாள். அதனால் மதுரைக்குத் தெற்கே ஓர் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்யாணமான புதிதில் குடும்பத்தோடு பழநிக்குப் போயிருந்தார்கள். பாதிப் படி ஏறுவதற்குள் அவளுக்குக் கண் இருட்டி, அப்படியே ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். யாரோ சோடா வாங்கி வந்தார்கள், யாரோ விபூதி பூசினார்கள். கூட வந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "என்ன, விசேஷமா?" விசேஷம் எதுவும் இல்லை. ஆனாலும் அதற்கப்புறம் மூச்சு வாங்கினாலும் கால் வீங்கினாலும் முதலில் வந்தது அந்தச் சிரிப்புதான். அது பொய்த்ததும் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை. அப்புறம் வீசிங் என்று இன்ஹேலர். அப்புறம் 'டென்ஷன்'. புதுப்பெண், மாமியார் வீடு, டென்ஷன் இருக்காதா? கடைசியில் ஒரு சின்ன வயசு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கேட்டுவிட்டு, "இரண்டாவது சத்தம் பலமா இருக்கு, ஒரு எக்கோ எடுத்துட்டு வாங்க" என்றார். இந்த நோயைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கவே வருஷக்கணக்கில் ஆகிறது என்று பிறகு படித்தபோது, எங்கள் வீட்டில் நடந்தது ஒன்றும் அதிசயமில்லை என்று தெரிந்தது.

எக்கோவில், அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேனில், நுரையீரலில் பிரஷர் என்று வந்தது. இந்த பிரஷர் கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் இல்லை. அதில் அவளுக்கு 100/70தான், சில நாள் அதற்கும் கீழே. இது இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்க்குள் இருக்கிற அழுத்தம். அங்கே சராசரி அழுத்தம் சாதாரணமாக 14 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். 20ஐத் தாண்டினாலே நோய் என்று இப்போது கணக்கு. முன்பு 25 என்று வைத்திருந்தார்கள். எக்கோவில் சொல்லும் எண் சராசரி அல்ல, உச்ச அழுத்தம். அது 35க்குள் இருந்தால் பயமில்லை. அவளுக்கு 84. பிறகு மதுரையில் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு அளந்து உறுதி செய்தார்கள். ஓட்டை இல்லை, வால்வுக் கோளாறு இல்லை, ரத்தக்கட்டி இல்லை. காரணம் தெரியாத வகை. பல்மனரி ஆர்ட்டீரியல் ஹைப்பர்டென்ஷன் என்று ஃபைலில் எழுதினார்கள். வீட்டில் 'லங்க்ஸ் பிரஷர்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

மாத்திரை எழுதினார்கள். சில்டினாஃபில் மூன்று வேளை, போசென்டான் இரண்டு வேளை, ஈரலுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. சில்டினாஃபில் என்பது வயாகராவில் இருக்கும் அதே மருந்துதான். நெஞ்சுவலிக்கென்று ஆராய்ச்சி செய்யப்போய் வேறு விதத்தில் பிரபலமாகி, 2005இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கும் அனுமதி வாங்கியது. மாப்பிள்ளை எங்கள் ஊர் மெடிக்கலில் சீட்டை நீட்டியபோது கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், "மாசத்துக்கு தொண்ணூறா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்துக் கண்ணடித்தார். மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மதுரையில் வாங்குகிறார்.

'குழந்தை மட்டும் வேண்டாம்'

முதல் கன்சல்டேஷனிலேயே இதய டாக்டர் சொன்னார்: "நல்லா இருப்பாங்க, மாத்திரையை விடாம சாப்பிடணும், வெயிட் தூக்கக் கூடாது, குழந்தை மட்டும் வேண்டாம்." வெயிட் தூக்கக் கூடாது என்பதைச் சொன்ன அதே குரலில், அதே வேகத்தில் இதையும் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்த நோய் நான்காம் வகுப்பு. அதாவது கர்ப்பமே கூடாது, ஆகிவிட்டால் கலைப்பது பற்றிப் பேச வேண்டும் என்கிற வகுப்பு. அந்தக் கனம் அவர் குரலில் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எத்தனை 'வேண்டாம்' சொல்கிறாரோ, அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

தங்கைதான் கேட்டாள். "சரி டாக்டர், அதுக்கு நான் என்ன செய்யணும்?"

அவர் ஒரு நொடி புரியாமல் பார்த்தார். பிறகு "கைனகாலஜிஸ்ட்டைப் பாருங்க" என்றார். கைனகாலஜிஸ்ட் ஃபைலைப் புரட்டிவிட்டு, "கார்டியாலஜி ஒப்பீனியன் இல்லாம நான் எதுவும் எழுத முடியாதும்மா" என்றார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில், இரண்டு மாடி வித்தியாசத்தில் இருந்தார்கள். அந்த இரண்டு மாடிக்கு நடுவே நாங்கள் லிஃப்ட்டில் போய்வந்துகொண்டிருந்தோம்.

அந்தக் கேள்வி உண்மையில் சுலபமான கேள்வி இல்லை. வழக்கமான கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். நுரையீரல் குழாய் ஏற்கெனவே குறுகிப்போனவளுக்கு அது ஆகாது. போதாததற்குப் போசென்டான் ஈரலைத் தூண்டிவிட்டுக் கருத்தடை ஹார்மோன்களைச் சீக்கிரம் கரைத்துவிடும். கையில் தோலுக்கு அடியில் வைக்கும் இம்பிளாண்ட்டையும் அதே காரணத்தால் நம்பி இருக்க முடியாது. காப்பர்-டி போடலாம். ஆனால் அதைப் பொருத்தும் நேரத்தில் சில பெண்களுக்குத் தலைசுற்றி நாடித்துடிப்பு இறங்கும். சாதாரணப் பெண் இரண்டு நிமிஷம் படுத்திருந்து எழுந்து போய்விடுவாள், இவளுக்கு அது ஐசியு சமாச்சாரம் ஆகலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்றால் லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றில் வாயு நிரப்ப வேண்டும், மயக்கம் கொடுக்க வேண்டும். இரண்டுமே நுரையீரல் அழுத்தத்தோடு விளையாடுகிற வேலை. இதில் எதையும் 'குழந்தை மட்டும் வேண்டாம்' என்ற மூன்று சொல் சொல்லிவிடவில்லை. வேண்டாம் என்று சொன்னதோடு வைத்தியம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் அவளுக்கு ஒரு மாதம் நாள் தள்ளிப்போனது. பத்து நாள். அந்தப் பத்து நாள் அந்த வீட்டில் எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. கடைசியில் ஒன்றுமில்லை. ஆனால் அப்போதுதான் 1971ஆம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டத்தையும் 2021 திருத்தத்தையும் உட்கார்ந்து படித்தேன். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகத் தேவை என்றால் வாரக் கணக்கு எதுவும் குறுக்கே நிற்காது. சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் இந்த நோயில் கலைப்பதும் ஆபத்தில்லாத வேலை அல்ல. எவ்வளவுக்கு முன்னாலேயோ அவ்வளவுக்கு நல்லது, அதுவும் மயக்க மருந்து டாக்டரும் இதய டாக்டரும் கூட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். கர்ப்பத்தில் பெண்ணின் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. ஏழு எட்டு மாதத்தில் இதயம் நிமிஷத்துக்கு வெளியே தள்ளும் ரத்தமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறி நிற்கும். நல்ல நுரையீரலில் குழாய்கள் விரிந்து இடம் கொடுத்துவிடும். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மிச்சத் தண்ணீர் தானாகப் போய்விடுவது மாதிரி. இவளுக்குக் கலுங்கு அடைத்துக்கிடக்கிறது. வருகிற தண்ணீர் அத்தனையும் கரையைத்தான் முட்டும். இங்கே கரை என்பது இதயத்தின் வலது கீழறை. அது மெல்லிய சுவர் கொண்டது, லேசான வேலைக்கென்று அமைந்தது. அழுத்தம் தாங்காமல் அது வீங்கி ஓய்ந்துபோகிறது.

இதைவிட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. இறப்புகளில் பெரும்பகுதி பிரசவத்தின்போது அல்ல, பிரசவம் முடிந்த பிறகு. குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுருங்கி, அதற்குள் இருந்த ரத்தம் கிட்டத்தட்ட அரை லிட்டர் ஒரேயடியாகத் தாயின் ஓட்டத்துக்குத் திரும்புகிறது. வயிற்றின் அழுத்தத்தில் நசுங்கியிருந்த பெரிய சிரையும் திறந்துகொள்கிறது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் வலது இதயத்தின் மேல் இத்தனையும் போய் விழும். ரத்தப்போக்கை நிறுத்த வழக்கமாகப் போடும் எர்கோமெட்ரின் ஊசிகூட இவர்களுக்குக் கூடாது, நுரையீரல் குழாயை இன்னும் சுருக்கிவிடும். மரத்துப்போக முதுகில் ஒரே குத்தாகப் போடும் ஸ்பைனல் ஊசியும் கூடாது, பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். முதுகில் மெல்லிய குழாய் வைக்கும் எபிடியூரலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மருந்தை ஏற்றுகிறார்கள். அதாவது வீட்டில் எல்லோரும் சர்க்கரை கொடுத்துக்கொண்டு, "தாயும் சேயும் நலம்" என்று வாட்ஸப்பில் போடுகிற அந்த முதல் வாரம்தான் ரொம்ப மோசமான வாரம். அதற்கப்புறமும் ஒரு மாதத்துக்கு மேல் கண்ணை எடுக்க முடியாது.

எண்களை வைத்துக்கொண்டு

சொந்தக்காரர்களில் படித்த ஒரு மச்சான் உண்டு. அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: 'இதெல்லாம் பழைய காலம். இப்போ வெறும் 3 சதவீதம்தான் இறப்பு. படிச்சுப் பாருங்க.' படித்துப் பார்த்தேன். பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை.

1978 முதல் 1996 வரை வெளியான மருத்துவ அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நுரையீரல் அழுத்த நோயோடு கர்ப்பமான பெண்களில் வகையைப் பொறுத்து 30 முதல் 56 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 1997 முதல் 2007 வரை வந்த அறிக்கைகளில் அது 25 சதவீதம். 2016இல் ரோபாக் என்ற பன்னாட்டுப் பதிவேட்டிலிருந்து 151 பெண்களின் கணக்கு வந்தது. பிரசவமாகி ஒரு வாரத்துக்குள் இறந்தவர்கள் 5 பேர். அதுதான் மச்சானின் 3 சதவீதம். அடுத்த ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் அந்த 3இல் இல்லை. அதைவிட முக்கியம், அந்த 151 பேரில் பெரும்பாலோருக்கு இடது இதயக் கோளாறால் வந்த அழுத்தம், பலருக்கு அது மிதமானது. தங்கைக்கு இருக்கும் காரணம் தெரியாத வகை அதில் 7 பேருக்குத்தான். அந்த 7 பேரில் 3 பேர் இறந்தார்கள்.

ஏழு பேரை வைத்துச் சதவீதம் போடுவது சரியில்லை என்று எனக்கும் தெரியும். 2012இல் வந்த இன்னொரு ஆய்வில், நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தவர்கள், அதிலும் ரத்தக்குழாயைத் தளர்த்தும் கால்சியம் சேனல் மாத்திரைக்கே நல்ல பலன் கிடைத்த சிலர், பிள்ளை பெற்று நன்றாக இருந்திருக்கிறார்கள். இது எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு இல்லை. தெரிந்தே இறங்கி, நல்ல குழுவின் கையில் 34 வாரத்துக்குள் பெற்று, வீட்டுக்கு வந்த பெண்கள் இருக்கிறார்கள். தங்கை அப்படி முடிவெடுத்திருந்தால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றிருப்பேன். ஆனால் அவள் அப்படி முடிவெடுக்கவில்லை. அந்தக் கால்சியம் சேனல் மாத்திரைக்குக் கேட்கிற வகையா என்று கத்தீட்டரின்போதே பார்த்தார்கள். அவளுடையது கேட்காத வகை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண்ணைச் சந்தித்ததும் இதில் சேர்ந்துகொண்டது. உசிலம்பட்டிப் பக்கம், ஏழு மாதம். சின்ன வயசில் வந்த கீல்வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, அதனால் நுரையீரலில் அழுத்தம் ஏறியிருந்தது. வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு, தொடை வழியாகப் பலூன் அனுப்பி வால்வைத் திறந்தார்கள். அழுத்தம் இறங்கியது, பிரசவமும் நல்லபடியாக ஆனது. எங்கள் ஊரில் இந்த வகைதான் அதிகம். சென்னை மருத்துவக் கல்லூரியின் பதிவேட்டில் 2016 முதல் 2019 வரை இதயக் கோளாறோடு பிரசவத்துக்கு வந்த 1005 பெண்களின் 1029 கர்ப்பங்களைக் கணக்கெடுத்தார்கள். 42 சதவீதம் கீல்வாதக் காய்ச்சலால் வந்த இதய நோய். மூன்றில் ஒரு பங்குக்கு நுரையீரல் அழுத்தமும் இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதயத்தில் கோளாறு என்பதே கர்ப்பமான பிறகுதான் தெரிந்திருக்கிறது. இறப்பு 1.9 சதவீதம். அந்தக் கூட்டத்துக்கு இது நல்ல கணக்கு என்றுதான் சொல்வேன்.

சம்பந்தி வீட்டில் இது எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? "உசிலம்பட்டிப் பிள்ளைக்கும் இதே லங்க்ஸ் பிரஷர்தானாம். பெத்துக்கிட்டாளே!" வால்வு அடைத்து அழுத்தம் ஏறுவதும், நுரையீரல் குழாயே தடித்துப்போய் ஏறுவதும் வேறு வேறு என்று நான் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அத்தை பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அப்ப இவளுக்கும் பலூன் வைக்கச் சொல்லுங்க தம்பி" என்றார்.

காலையும் சாயங்காலமும்

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டில் குலசாமி கும்பிட எல்லோரும் கூடியிருந்தோம். காலைச் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமா பேச்சை எடுத்தார். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. "டாக்டருங்க எப்பவுமே கூட்டித்தான் சொல்வாங்க. எங்க அக்காவுக்கு மூணாவதுக்கு உசுருக்கு உத்தரவாதம் இல்லைன்னாங்க. பெத்து எடுத்தா இல்ல? மனசு தைரியமா இருந்தா ஒண்ணும் ஆகாது. இந்தப் புள்ளைக்கு என்ன, நல்லாத்தானே நடமாடுது?" தங்கை அப்போது அடுப்படியிலிருந்து காபி டம்ளர்களை எடுத்துவந்துகொண்டிருந்தாள். பத்துத் தப்படி இருக்கும். நடுவில் ஒரு தடவை நின்று, தூணில் கை வைத்து, மறுபடி நடந்தாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மத்தியானம் மாப்பிள்ளை தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடக்கத்தான் போகிறது, ஆனால் தனக்கு. லேப்ராஸ்கோப்பியின் ஆபத்தைக் கேட்ட அன்றைக்கே அவர் மனசில் இது விழுந்திருக்கிறது. ஆண்களுக்குச் செய்யும் வாசக்டமி மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிஷங்களில் முடிகிற வேலை, தையல்கூட இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆபத்தான நோய் இருக்கிற உடம்பை விட்டுவிட்டு நல்ல உடம்பில் செய்வது எந்தக் கணக்கில் பார்த்தாலும் நியாயம். ஆனால் நம் நாட்டில் அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் செய்துகொண்டது 0.3.

சாயங்காலம் திண்ணையில் நானும் அந்தத் தாய்மாமாவும் இன்னும் இரண்டு பேரும். பெரியவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். குரல் தணிந்திருந்தது, கோபம் இல்லை, எனக்குப் புரியவைக்கிற தோரணை. "நீங்களாவது சொல்லுங்க தம்பி. அவனுக்கு வயசு கிடக்கு. முப்பத்திரண்டுதான். அந்தப் புள்ளைக்கு இருக்கிறது லேசான நோவு இல்ல, உங்களுக்கே தெரியும். நாளைக்கே ஒண்ணுன்னா இவன் ஒத்தையா நிக்கணுமா? வழியை அடைச்சுட்டு அப்புறம் என்ன பண்றது?"

காலையில் டாக்டர் கூட்டிச் சொன்ன நோய் இது. மனசு தைரியத்தில் போய்விடுகிற நோய். சாயங்காலத்துக்குள் அது அவளைக் கொன்றுவிட்டிருந்தது. அவள் இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு அடுத்த சம்பந்தம்வரை பெரியவர் யோசித்து முடித்திருந்தார். இரண்டையும் ஒரே மனுஷர் சொல்கிறார், இரண்டையும் மனசார நம்பித்தான் சொல்கிறார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கத்தீட்டருக்குப் பணம் பற்றாமல் நின்றபோது இருபதாயிரத்தை மஞ்சள்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். ஐசியு வாசலில் அழுததையும் பார்த்திருக்கிறேன். அவருக்கு மருத்துவம் புரியவில்லை என்று இவ்வளவு நாள் நினைத்துப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேனே, அது வீண் வேலை. அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. எண்ணும் தெரியும், ஆபத்தும் தெரியும். யார் உடம்பில் கை வைக்கப் போகிறோம் என்பதைப் பார்த்துத்தான் அந்த அறிவு வெளியே வருகிறது. பிள்ளை பெறுவது அவள் உடம்பு என்றால் நோய் சின்னது. ஆபரேஷன் அவன் உடம்பு என்றால் நோய் பெரியது.

திண்ணைக்குப் பின்னால் ஜன்னல். உள்ளே அவள் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். திரும்பி வரும்போது காரில் சொன்னாள். "மாமா பேசினது கேட்டுச்சுண்ணே." என்ன சொல்வதென்று தெரியாமல் கியரை மாற்றினேன். அவளே சிரித்துவிட்டு, "எனக்கு வந்திருக்கிறது நெசமான நோய்தான்னு அந்த வீட்ல முத தடவையா ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு. அதுவரைக்கும் சந்தோஷம்" என்றாள். மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தபடி, "அடுத்த வாரம் போறேன் மச்சான்" என்றார்.

போனார். அங்கேயும் லேசில் முடியவில்லை. ஃபாரத்தில் 'உயிருடன் உள்ள குழந்தைகள்' என்று ஒரு கட்டம். மாப்பிள்ளை பூஜ்யம் என்று எழுதினார். கவுன்ட்டரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு குழந்தையாவது இருந்தால்தான் கருத்தடை ஆபரேஷன் என்பது அரசு விதி, அது ஒரு வயசு தாண்டியும் இருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த வரியும் அதே விதியில்தான் இருக்கிறது. கவுன்ட்டரில் அது எடுபடவில்லை. "ஃபிரெண்ட்ஸ் யாராச்சும் ஏத்திவிட்டாங்களா சார்? வீட்ல பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி மதுரை, மறுபடி இதய டாக்டர். இந்தத் தடவை அவர் பேனாவை எடுத்து, நோயாளிக்குக் கர்ப்பம் உயிருக்கு ஆபத்து, மனைவிக்கு அறுவை சிகிச்சை உகந்ததல்ல, கணவருக்குச் செய்யலாம் என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். மூன்று வரி. இதை முதல் நாளே எழுதியிருந்தால் அந்தப் பத்து நாள் எங்கள் கணக்கில் வந்திருக்காது. ஆனால் கேட்டபோது உடனே எழுதினார், அதையும் சொல்ல வேண்டும். இந்த நோய் இருக்கிற பெண்ணோடு டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள், வேண்டாம் என்பதை எப்படி நிறைவேற்றுவது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். போசென்டான் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் கைனகாலஜிஸ்ட்டிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சீட்டில் இருக்கிறதே, பார்த்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

வாசக்டமி முடிந்த உடனே பலன் வராது. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், அப்புறம் விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று பார்த்த பிறகுதான் நிம்மதி. அந்த ரிசல்ட் வந்த அன்று மாப்பிள்ளை எனக்கு அனுப்பிய மெசேஜ் வெறும் 'Nil'. வேறெதுவும் இல்லை.

தத்தெடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட்காத ஆள் இல்லை. 2022ஆம் வருஷத் தத்தெடுப்பு விதிகளின்படி, தத்தெடுக்கும் பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் எதுவும் இருக்கக் கூடாது. வாடகைத்தாய் முறையில், கர்ப்பம் தரித்தால் உயிருக்கு ஆபத்து என்பதைச் சட்டம் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கருமுட்டை எடுக்க ஹார்மோன் ஊசியும் மயக்கமும் வேண்டும், பணம் கொடுத்து ஆள் பிடிப்பதும் 2021 சட்டத்தில் கிடையாது. அதனால் 'வேற வழியா இல்ல?' என்று கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நடுவே கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அவர்கள் எல்லா வழியையும் விசாரித்துவிட்டார்கள், உங்களைவிட நன்றாக.

தங்கை இப்போது ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு எடுக்கிறாள். தரைத்தளத்தில்தான் வகுப்பு வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டாள். போசென்டானை மாற்றி ஆம்பிரிசென்டான் கொடுத்திருக்கிறார்கள். கடைசி எக்கோவில் அழுத்தம் 62. ஆறு நிமிஷ நடைப் பரிசோதனையில் முன்னைவிட அதிகத் தூரம் போகிறாள். பெரியவர் இன்னமும் மாப்பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விசேஷ வீடுகளில் பந்தியில் தள்ளித்தான் உட்காருகிறார். தங்கையிடம் மட்டும் நன்றாகவே பேசுகிறார், மாத்திரை சாப்பிட்டாயா என்று போன் பண்ணிக் கேட்கிறார். மாப்பிள்ளைக்கு இதில் பெரிய வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.